கழற்றவே தேவையில்லாத வாட்ச்: ஒரு மணிக்கட்டின் நிகழ்வு ஆய்வு

கையில் கட்டியிருந்த பொருளைச் சந்தேகிக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. அதற்குள் சோப்பை மாற்றினேன், தலையணையை மாற்றினேன், நாற்காலியின் உயரத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். குற்றவாளி மணி காட்டிக்கொண்டு மணிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தது.

இந்த ஆய்வில் நோயாளியும் நான்தான், குறிப்பெடுத்தவனும் நான்தான். உட்கார்ந்து செய்கிற வேலை. வாரத்தில் மூன்று நாள் ஓட்டம், அதில் ஒன்று மேடுபள்ளமான மண்பாதையில். அந்த மண்பாதையைக் காரணம் காட்டித்தான் இந்த ஸ்மார்ட்வாட்சை வாங்கினேன். உலோக விளிம்பு, ஐந்து பொத்தான், 51 மி.மீ. அகலம், சுமார் 15 மி.மீ. தடிமன், பட்டையோடு 90 கிராமுக்கு மேல் எடை. ஓட்டத்துக்கென்றே வருகிற சிறிய பிளாஸ்டிக் வாட்சுகள் 40 கிராமுக்குள் முடிந்துவிடும். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. வாட்ச் தன் வேலையில் எங்கும் தவறவில்லை. பாறையில் இடித்தும் கீறல் விழவில்லை, மழையில் நனைந்தும் நிற்கவில்லை. தொல்லை முழுக்க வேறு இடத்திலிருந்து வந்தது.

வந்த தொல்லைகள்

முதலில் தோல். இரண்டாவது மாதத்தில் வாட்சின் அடிப்பாகம் படுகிற இடத்தில் வட்டமாகச் சிவந்தது. அரிப்பு அதிகமில்லை, மாலையானால் லேசாக நமநமவென்று இருக்கும். வாட்சைக் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டு வேலையைப் பார்த்தேன். மேலே தள்ளினால் பட்டை இன்னும் இறுகும் என்பது அப்போது உறைக்கவில்லை. முன்கை மேலே போகப் போகப் பருமன்தானே?

அப்புறம் கை. நான்காவது மாதம், இடது கைக் கட்டைவிரலின் புறங்கைப் பக்கம் மரத்தது போல இருந்தது. உள்ளங்கையில் ஒன்றுமில்லை, விரல் நுனிகளிலும் இல்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, கைக்குப் பின்புறம், ஒரு ரூபாய் நாணயம் அளவு இடம் மட்டும். சட்டைக் கையை இழுத்துவிடும்போது துணி உரசினால் சுரீர் என்று மின்சாரம் போல ஓடும். பிடிமானம் குறையவில்லை. பாட்டில் மூடி திறக்க முடிந்தது, எடை தூக்க முடிந்தது. அதனால்தான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை செய்கிற கையை யார் மருத்துவரிடம் காட்டுவார்கள்?

மூன்றாவது தூக்கம். இதைத் தொல்லை என்றே எண்ணாமல் இருந்தேன். காலையில் எழுந்தவுடன் எப்படி இருக்கிறது என்று உடம்பைக் கேட்பதற்கு முன் வாட்சைக் கேட்கிற பழக்கம் வந்திருந்தது.

மருத்துவர் அறையில் நான்கு நிமிடம்

கணினி வேலை, கழுத்து நரம்பு என்று நீளமாக ஒரு கதையைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். மருத்துவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

“எப்பவும் இந்தக் கையிலதான் வாட்ச் கட்டுவீங்களா?”

“ஆமா டாக்டர். ராத்திரியும் இதுலதான் இருக்கும்.”

“சரி, கழட்டுங்க.”

கழற்றினேன். தோலில் பட்டையின் அச்சு அப்படியே பதிந்திருந்தது, துளைகளின் விளிம்பு உட்பட. மணிக்கட்டுக்குச் சற்று மேலே, கட்டைவிரல் பக்கத்து எலும்பின் ஓரத்தில் இரண்டு விரலால் மெல்லத் தட்டினார். மூன்றாவது தட்டில் கட்டைவிரல் வரைக்கும் சுரீர் என்றது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். “போதும், இதுதான்” என்றார்.

முன்கையின் ஆரை நரம்பு இரண்டாகப் பிரியும். அதில் ஒரு கிளை முன்கையின் கீழ்ப்பகுதியில் தசைநாண்களுக்கு இடையிலிருந்து வெளியே வந்து, தோலுக்கு அடியிலேயே கட்டைவிரல் பக்கமாகப் புறங்கைக்குப் போகிறது. மேலே தசை இல்லை, கொழுப்பும் பெரிதாக இல்லை, கீழே எலும்பு. அந்த இடத்தில் எதையாவது இறுக்கிக் கட்டினால் எலும்புக்கும் கட்டுக்கும் நடுவில் நரம்பு மாட்டிக்கொள்ளும். இந்தக் கிளை தொடு உணர்வை மட்டும் சுமக்கிறது, எந்தத் தசையையும் இயக்குவதில்லை. மரத்துப்போயும் கையில் பலம் குறையாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

ராபர்ட் வார்ட்டன்பெர்க் என்ற நரம்பியல் மருத்துவர் 1932-இல் இதை விவரித்தார். இன்றைக்கும் அவர் பெயரில்தான் அழைக்கப்படுகிறது. இறுக்கமான கைக்கடிகாரம் இதற்கு நெடுங்காலமாகத் தெரிந்த காரணம். கைவிலங்கு மாட்டப்பட்டவர்களுக்கும் இதே நரம்பு அடிபடுகிறது. நான் விரும்பி வாங்கி மாட்டிக்கொண்டதை அந்த வரிசையில் பார்த்தபோது சிரிப்பு வந்தது, கொஞ்சம் வெட்கமும்.

என் மணிக்கட்டின் சுற்றளவு 16 செ.மீ. மேல்பக்கம் தட்டையாக இருக்கிற இடம் ஐந்து, ஐந்தரை செ.மீ.தான் தேறும். 51 மி.மீ. வாட்ச் அதை முழுசாக மூடிவிடுகிறது. பட்டை வந்து சேருகிற உலோகக் காது, வளைந்து இறங்க இடமில்லாமல் எலும்பின் ஓரத்திலேயே வந்து உட்காருகிறது. மணிக்கட்டு அகலமானவருக்கு இதே வாட்ச் நடுவில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். வாங்கும்போது திரை எவ்வளவு பெரிது என்று பார்த்தேன், கை எவ்வளவு சிறிது என்று பார்க்கவில்லை.

பட்டை சொன்ன சாட்சி

“அவ்வளவு இறுக்கமாகவா கட்டியிருந்தேன்?” என்ற சந்தேகம் வீட்டுக்கு வந்தும் போகவில்லை. ஓடும்போது மட்டும் ஒரு துளை இறுக்குவேன், ஓடி முடித்ததும் தளர்த்திவிடுவேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பட்டையைக் கழற்றி விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். சாதாரண நாட்களுக்கான ஐந்தாவது துளை ஏறக்குறைய புதிதாகவே இருந்தது. ஓட்டத்துக்கான ஆறாவது துளை நீள்வட்டமாக இழுபட்டு, விளிம்பு பளபளத்துக் கிடந்தது. கொக்கி மடங்குகிற கோடும் ஆறாவது துளைக்கு நேராகத்தான் விழுந்திருந்தது. ஓடிவிட்டு வந்து தளர்த்தியதாக நினைத்த நாட்களில் பெரும்பாலும் தளர்த்தவே இல்லை.

இறுக்குவதற்குக் காரணம் உண்டு. வாட்சின் அடியில் மினுக்குகிற பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைச் செலுத்துகிறது. ரத்தம் அந்த ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்புக்கும் அங்கே ரத்தத்தின் அளவு கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறையும். அதை வைத்துத்தான் இதயத் துடிப்பைக் கணக்கிடுகிறது. வாட்ச் தளர்ந்து ஆடினால் வெளிவெளிச்சம் உள்ளே புகும். அதைவிட மோசம், காலடியின் தாளத்தையே இதயத் துடிப்பு என்று நம்பிவிடும். கனமான வாட்ச் அதிகம் ஆடும் என்பதால் அதிகம் இறுக்க வேண்டியிருக்கிறது.

எனக்கு அந்த இறுக்கம் தேவைப்பட்டது வாரத்துக்கு ஐந்து மணி நேரம். வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. மீதி 163 மணி நேரமும் உட்கார்ந்து, சாய்ந்து, தூங்கி, ஓட்டத்துக்கான இறுக்கத்தோடு இருந்திருக்கிறேன்.

ஏன் கழற்றவில்லை?

இந்தக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. முன்பு வைத்திருந்த சாதாரண ஸ்மார்ட்வாட்ச் ஒரு நாளைக்கு மேல் தாங்காது. தினமும் இரவில் கழற்றிச் சார்ஜ் போட்டே ஆக வேண்டும். அதைத் திட்டாத நாளில்லை. இப்போது யோசித்தால், அந்த நோஞ்சான் பேட்டரிதான் என் மணிக்கட்டுக்குத் தினமும் எட்டு மணி நேரம் விடுப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறது.

புது வாட்சை ஏறக்குறைய 18 நாளுக்கு ஒருமுறை சார்ஜ் செய்தேன். 18 நாள் என்றால் 432 மணி நேரம். அதில் கையை விட்டு இறங்கியது சார்ஜ் ஏறுகிற ஒன்றரை மணி நேரம் மட்டும். குளிக்கும்போதும் கழற்றவில்லை; தண்ணீர் புகாது என்று பெட்டியிலேயே போட்டிருந்ததே! தூங்கும்போது கழற்றினால் உறக்கக் கணக்கு போய்விடும். விளம்பரத்தில் எவையெல்லாம் பலமாகச் சொல்லப்பட்டனவோ, அவை ஒவ்வொன்றும் வாட்சைக் கழற்றுவதற்கு இருந்த ஒவ்வொரு காரணத்தையும் எடுத்துவிட்டன.

தண்ணீர் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. பின்புறம் 10 ஏடிஎம் என்று பொறித்திருந்தார்கள். 100 மீட்டர் ஆழத்துத் தண்ணீர் அசையாமல் கொடுக்கும் அழுத்தத்துக்கு நிகரானதை ஆய்வகத்தில் தாங்கியது என்பதுதான் அதன் பொருள். சோப்பு நுரையோடும் வெந்நீரோடும் தினமும் கட்டிக்கொண்டு குளிக்கலாம் என்று அது சொல்லவில்லை. தண்ணீர் உள்ளே போகாது, சரி. சோப்பு வெளியேயும் போகாதே! அடிப்பாகத்துக்கும் தோலுக்கும் நடுவில் தங்கும். மேலே வியர்வை சேரும். காற்றுப் படாமல் நாள் முழுக்க ஊறும். என் சிவப்பு வட்டத்தின் கதை அதுதான். நிக்கல் ஒவ்வாமையாக இருக்குமோ என்றும் பயந்தேன். அப்படியானால் உலோகக் கொக்கி படும் இடத்தில்தான் முதலில் தடித்திருக்க வேண்டும். அங்கே தோல் சுத்தமாக இருந்தது.

வாட்சின் பக்கவாட்டில் காற்றழுத்தம் பார்ப்பதற்குச் சிறுதுளைகள் இருக்கும். அதை வைத்துத்தான் எத்தனை மாடி ஏறினோம் என்று எண்ணுகிறது. ஒரு நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருந்த எனக்கு 23 மாடி ஏறியதாகப் பாராட்டு வந்தது. துளைகளைப் பார்த்தால் வெள்ளையாகச் சோப்பு உறைந்திருந்தது. மலைப்பாதைக்காகச் செய்த சென்சாரைக் குளியலறையே கெடுத்துவிட்டது.

கழற்றாததற்குக் கடைசிக் காரணம் எண்ணிக்கை. நடுவில் கழற்றினால் அன்றைய கணக்கில் ஓட்டை விழுந்துவிடும். அந்தக் கணக்கு எவ்வளவு உறுதியானது? 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மணிக்கட்டில் கட்டும் ஏழு கருவிகளை 60 பேரிடம் சோதித்தார்கள். இதயத் துடிப்பில் ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் நின்றன. கலோரியில் மிகச் சிறந்ததே சராசரியாக 27 சதவீதம் பிசகியது. மிக மோசமானது 93 சதவீதம். கருவிகள் அதற்குப் பிறகு மாறியிருக்கின்றன. ஆனாலும் கையின் அசைவையும் துடிப்பையும் வைத்து உடம்பு எரித்த சக்தியை ஊகிக்கிற அடிப்படை மாறவில்லை. இத்தனை நாள் துரத்திய 10,000 காலடி இலக்கோ, 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி எண்ணியின் பெயரிலிருந்து பரவியது. மான்போ-கெய் என்றால் பத்தாயிரம் அடி அளக்கும் கருவி என்று அர்த்தம்.

தலையணைக்கு அடியில் 90 கிராம்

பக்கவாட்டில் படுத்துக் கன்னத்துக்கு அடியில் கையை வைத்துத் தூங்குபவன் நான். நடுராத்திரி வாட்சின் பொத்தான் தாடையில் அழுந்தி விழிப்பு வரும். விழித்தவுடன் கை அசையும். கை அசைந்தால் திரை வெளிச்சம் போடும். வெளிச்சம் கண்ணில் அடித்ததும் மணி பார்ப்பேன். மறுநாள் காலை அதே வாட்ச் ‘உறக்கம் தடைபட்டது’ என்று எனக்கே அறிக்கை கொடுக்கும்.

ஒரு நாள் பத்து மணிக்குப் படுத்து நள்ளிரவு வரை அசையாமல் புத்தகம் படித்தேன். 10.20-க்கே தூங்கிவிட்டதாகப் பதிவானது. தூக்கத்தின் கட்டங்களைப் பிரித்துச் சொல்ல மூளையின் மின்னலைகளைப் பார்க்க வேண்டும். மணிக்கட்டிலிருந்து கிடைப்பது அசைவும் துடிப்பும்தான். இதெல்லாம் தெரிந்திருந்தும், நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில் 54 என்ற மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு அன்றைய ஓட்டத்தை ரத்து செய்தேன். அன்று எனக்கு ஒரு களைப்பும் இல்லை. மதிப்பெண்ணைப் பார்த்த பிறகுதான் களைப்பு வந்தது.

2017-இல் உறக்க மருத்துவ இதழ் ஒன்றில் மூன்று நோயாளிகளை வைத்து இதற்கு ஒரு பெயரே சூட்டினார்கள்: ஆர்த்தோசோம்னியா. கருவி காட்டும் ‘சரியான’ தூக்கத்தைத் துரத்தித் துரத்தியே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது.

அலமாரிச் சம்பவம்

இதை எழுதலாமா என்று யோசித்தேன். வீட்டில் துணி அலமாரியை நகர்த்திக்கொண்டிருந்தேன். உள்ளங்கையை வைத்துத் தள்ளும்போது மணிக்கட்டு பின்னால் மடங்கும். தடிமனான வாட்சின் பொத்தான் புறங்கையில் குத்தும். தரையில் கையூன்றி உடற்பயிற்சி செய்பவர்கள் எல்லோருக்கும் இந்தக் குத்து தெரிந்திருக்கும். அன்று இரண்டு முறை அழுந்தியதில் நடைப்பயிற்சிப் பதிவு தானாகத் தொடங்கிவிட்டது. உடற்பயிற்சிப் பதிவு ஓடினால் விபத்தைக் கண்டுபிடித்து வீட்டாருக்குத் தகவல் அனுப்பும் வசதியும் விழித்துக்கொள்ளும். அலமாரி சட்டென்று நழுவிச் சுவரில் மோத, கையும் கூடவே மோதியது. கையில் அதிர்வு வந்தது தெரியும். அலமாரியைப் பிடிப்பேனா, வாட்சைப் பார்ப்பேனா?

அரை நிமிடத்தில் வெளியூரிலிருந்த மனைவி அழைத்தாள். “என்னங்க, விழுந்துட்டீங்களா? எங்க இருக்கீங்க?” மூச்சு வாங்க “பெட்ரூம்லதான் இருக்கேன்” என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “மேப் அனுப்பியிருக்கு” என்று மட்டும் சொன்னாள்.

2022 இறுதியில் அமெரிக்கப் பனிச்சறுக்குப் பகுதிகளில் போன்களும் வாட்சுகளும் தவறாக விபத்து என்று நினைத்து அவசர உதவி மையங்களை அழைத்துத் தள்ளிய செய்தியைப் படித்தபோது, எனக்கு அலமாரி நினைவுக்கு வந்தது.

கழற்றியும் கட்டியும் பார்த்தது

மருத்துவர் சொன்னபடி மூன்று வாரம் வாட்சே கட்டவில்லை. நான்காம் நாள் நமநமப்பு நின்றது. இரண்டு வாரத்தில் தோல் சமனாகி, கருத்த தடம் மட்டும் மிஞ்சியது. மரத்த இடம் அவ்வளவு சீக்கிரம் வழிக்கு வரவில்லை. மூன்று வார முடிவில் பாதி குறைந்திருந்தது என்று சொல்லலாம்.

அடுத்த இரண்டு வாரம் வலது கையில், ஐந்தாவது துளையில், பகலில் மட்டும் கட்டினேன். குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்றினேன். தோலில் ஒன்றுமில்லை, நரம்பிலும் புதிதாக எதுவுமில்லை. ஆனால் நிதானமாக ஓடிய ஓட்டத்தில் துடிப்பு 172 என்று காட்டியது. என் காலடி வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய அதேதான். வாட்ச் என் பாதத்தை எண்ணிக்கொண்டிருந்தது.

மூன்றாவது கட்டத்தை மருத்துவரிடம் கேட்டால் வேண்டாம் என்றிருப்பார், அதனாலேயே கேட்கவில்லை. மறுபடி இடது கை, ஆறாவது துளை, 24 மணி நேரமும். மூன்றாம் நாள் மாலை கதவுச் சாவியைத் திருப்பும்போது அதே சுரீர். கதவைத் திறப்பதற்கு முன்பே வாட்சைக் கழற்றிப் பைக்குள் போட்டேன்.

ஒரே ஒரு மணிக்கட்டை வைத்துப் பொதுவிதி சொல்ல முடியாது. அதே மாதங்களில் கை எடைப் பயிற்சியும் தொடங்கியிருந்தேன். அதுவும் நரம்பைச் சீண்டியிருக்கலாம். ஆனால் எடைப் பயிற்சியை நிறுத்தாமலே மரத்தல் குறைந்தது, வாட்ச் திரும்பியதும் அதுவும் திரும்பியது. எனக்கு அது போதும். தோல் விஷயத்தில் அவ்வளவு உறுதி இல்லை; இடையில் சோப்பை இரண்டு முறை மாற்றியிருக்கிறேன்.

வாட்சை விற்கவில்லை. மண்பாதையில் திசை மாறியபோது வழி காட்டியது அதுதான், அதற்காகவே வைத்திருக்கிறேன். இதயத் துடிப்புக்கு மார்புப் பட்டை வாங்கிவிட்டேன். அது இதயத்தின் மின்துடிப்பையே நேராகப் பிடிப்பதால் வாட்சை இறுக்க வேண்டியதில்லை. ஓட்டத்தில் ஐந்தாவது துளை. மற்ற நேரத்தில் வாட்சுக்கு இடம், வாசலில் கிடக்கும் ஓட்டக் காலணிக்குள். காலணியைப் போட வேண்டுமென்றால் வாட்சை வெளியே எடுத்தே ஆக வேண்டும். ஓடி வந்து காலணியைக் கழற்றும்போது வாட்சும் கூடவே இறங்கிவிடும். ஏழாவது வாரத்தில் ஒரு நாள் சட்டைக் கையை இழுத்துவிட்டேன்; ஒன்றும் ஆகவில்லை. நம்பாமல் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன்.